சண்டை போட்ட கட்டுரைகளைப் புத்தகமாக்குவது எப்படி

பத்து வருடங்களாக இதழ்களில் எழுதி, பாராட்டைவிட வசவே அதிகம் வாங்கிய கட்டுரைகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது, மூன்று மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாமே அச்சாகி, ஆட்கள் படித்துத் திட்டி ஓய்ந்தவை. வரிசைப்படுத்தி ஒரு முன்னுரை எழுதினால் போதாதா? பதினான்கு மாதம் ஆனது. அதில் எழுத்து வேலை இரண்டு மாதம்கூட இருக்காது. மீதியெல்லாம் அனுமதிக் கடிதம், பழைய கோப்பு, வக்கீல், ஒப்பந்தம் என்று போயிற்று. எந்த வேலையை எப்போது செய்வது என்று தெரியாததால் பலவற்றை இரண்டு முறை செய்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இதழில் வந்தபோது யாரும் வழக்குப் போடவில்லை என்பது புத்தகத்துக்குப் பாதுகாப்பு ஆகாது. பல நாடுகளில், அதே கட்டுரை நூலில் மறுபடி வரும்போது அதைப் புதிய வெளியீடாகவே சட்டம் பார்க்கும். இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் வழக்குப் போட முதல் வெளியீட்டிலிருந்து ஒரே வருடக் கெடு என்று ஒரு விதி உண்டு. ஆனால் வெளியிடும் விதம் கணிசமாக மாறினால் அந்த விதி பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இதழிலிருந்து புத்தகத்துக்குப் போவதை அப்படிப்பட்ட மாற்றம் என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது.

1. முதலில் ஒரு அட்டவணை

கட்டுரைகளைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். படித்தால் பழைய சண்டைக்குள் விழுந்து விடுவீர்கள். ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு, முதலில் வந்த இதழ், தேதி, சொல் எண்ணிக்கை, உரிமை யாரிடம், யாரையெல்லாம் பெயர் சொல்லிப் பேசுகிறது, அவர்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்களா, வந்த மறுப்புகள், ஆதாரம் எங்கே இருக்கிறது. என்னிடம் 41 கட்டுரைகள் இருந்தன. இரண்டு வார இறுதிகள் பிடித்தன. இனி வரும் எல்லா வேலைக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை.

2. உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

நான் எழுதியது எனக்குத்தானே சொந்தம் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு எதுவும் செய்யாமலே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும். சிக்கல் வருவது நீங்கள் அந்த இதழில் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால், அல்லது எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால். நாட்டுக்கு நாடு இது மாறும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்திரிகை ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதில் முதலாளிக்குக் கிடைப்பது இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நூலாக்கும் உரிமை எழுதியவருக்கே. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர் எழுதியது மொத்தமும் முதலாளிக்குப் போகும்.

வெளியாளாக எழுதியிருந்தாலும் ஒரு கடிதம் வாங்கி விடுங்கள். நான்கு வரி போதும்: கட்டுரையின் தலைப்பும் தேதியும், நூலாகவும் மின்னூலாகவும் வெளியிடத் தடையில்லை, மொழிபெயர்ப்புக்கும் தடையில்லை, நன்றிக் குறிப்பில் இதழின் பெயர் வரும். மின்னஞ்சல் பதிலை பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். தொலைபேசியில் “அதனால என்ன சார், போட்டுக்கோங்க” என்று சொன்னதெல்லாம் பதிப்பாளர் கேட்கும்போது உதவாது.

ஒவ்வொரு இதழுக்கும் ஆறு வாரம் ஒதுக்குங்கள். நின்றுபோன இதழ் என்றால் இன்னும் அதிகம். எனக்கு அப்படி ஒன்று அமைந்தது. ஆசிரியராக இருந்தவரைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம். கண்டுபிடித்த பிறகு அவருக்கு அந்தக் கட்டுரையே நினைவில்லை. அனுமதி கிடைக்காவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கான தடயம் இருக்கட்டும்: என்று, யாருக்கு, எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று.

இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரை, வேறொருவர் உங்களிடம் எடுத்த பேட்டி, உங்களுக்காக ஒருவர் மொழிபெயர்த்துத் தந்தது ஆகிய மூன்றும் தனி. அவரவர் கையெழுத்தும் வேண்டும்.

3. எந்தப் பிரதி மூலப்பிரதி?

நீங்கள் அனுப்பியது ஒன்று, இதழில் வந்தது ஒன்று, இணையத்தில் இருப்பது ஒன்று. மூன்றும் வேறு வேறாக இருக்கும். தலைப்பு பெரும்பாலும் ஆசிரியர் வைத்தது. என் கட்டுரைகளில் அதிகம் திட்டு வாங்கிய தலைப்பு நான் வைத்ததே இல்லை. அச்சில் வந்த பிரதியை மூலமாகக் கொள்வதே நல்லது, ஏனென்றால் எதிர்த்தவர்கள் படித்தது அதைத்தான். இதழில் வெட்டிய பத்தியைத் திரும்பச் சேர்த்தால் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

பழைய கோப்புகள் பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு வரிக்கு வரி பாருங்கள். மாற்றிகள் ஏறக்குறைய எல்லாம் சரியாகச் செய்து, சரியாக மூன்று இடத்தில் கவிழ்க்கும். ‘கௌரவம்’ என்பதில் ஔகார உயிர்க்குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் வந்து உட்காரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. பெயரடைவு, அதாவது யார் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற கடைசிப் பட்டியல், போடும்போது இந்தப் பிசகு உயிரை வாங்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்பது இன்னொன்று.

4. எதை விடுவது

41 கட்டுரைகளில் 23 தேறின. கோபத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சாதவற்றை முதலில் எடுத்தேன். அப்புறம், இன்று படிப்பவருக்கு இரண்டு பக்கம் முன்கதை சொன்னால்தான் புரியும் என்பவை. ஆதாரம் காணாமல் போனவற்றைக் கடைசியில் எடுத்தேன், அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது.

வரிசை விஷயத்தில் நான் சொல்வது: தேதிப்படி அடுக்காதீர்கள், சண்டைப்படி அடுக்குங்கள். ஒரு விவாதம் தொடர்பான கட்டுரைகள் ஒரு பகுதியாக, அதற்குள் தேதி வரிசையில். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அரைப் பக்கக் குறிப்பு: அப்போது என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள். இந்தக் குறிப்பில் வாதாடக் கூடாது. நான் முதலில் எழுதியவற்றில் பாதி, அடங்காத ஆத்திரத்தில் எழுதிய மறுவாதம். பதிப்பாசிரியர் அத்தனையையும் அடித்துத் தள்ளினார், அவர் செய்தது சரி.

5. சத்தமில்லாமல் திருத்தாதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நானும் சறுக்கினேன். ஒரு கட்டுரையில் எனக்கே கூச்சமாக இருந்த ஒரு வாக்கியத்தைச் சற்று மென்மையாக்கி விட்டேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் பழைய இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பிடித்துவிட்டார். நல்லவேளை அவர் பிடித்தார். எதிர்த்தரப்பு பிடித்திருந்தால், நான் சொன்னதை மறைக்கிறேன் என்பதே புத்தகத்தைப் பற்றிய ஒரே செய்தியாக இருந்திருக்கும்.

பிறகு இப்படி வகுத்துக்கொண்டேன். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, ஒற்றுப்பிழை ஆகியவற்றைச் சொல்லாமலே திருத்தலாம். தேதி, எண், பெயர் தவறாக இருந்தால் திருத்திவிட்டு, முன்பு என்ன இருந்தது என்று அடிக்குறிப்பு போட வேண்டும். கருத்து மாறியிருந்தால் மூலத்தைத் தொடாமல் கட்டுரை முடிவில் தேதியிட்ட பின்குறிப்பு. இந்த விதியை முன்னுரையில் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. ஒரு வரி பொய் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்தால், அதை அப்படியே அச்சிட்டுக் கீழே மறுப்புப் போடுவது வேலைக்காகாது. அந்தப் பொய்யை நீங்கள் மறுபடி வெளியிட்டதாகிவிடும். வரியை நீக்கி, நீக்கியதைக் குறிப்பிடுங்கள்.

6. ஆதாரக் கோப்பு

பதினான்கு மாதத்தில் நான்கு மாதம் இதற்கே போயிற்று. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்திருக்கும்.

கட்டுரைகளைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறப் பேனா. நடந்தது என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிவப்பு. உங்கள் கருத்துக்கு நீலம். நடந்ததிலிருந்து நீங்களாக ஊகித்ததற்குப் பச்சை. சிவப்புக் கோடு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அந்த எண்ணில் ஓர் ஆவணம். ஆவணம் இல்லாத சிவப்பு வாக்கியம் நூலில் இருக்கக் கூடாது. பச்சைதான் விவகாரம்: ‘பணம் வாங்கிக்கொண்டுதான் இப்படி எழுதினார்’ என்பது ஊகம், ஆனால் படிப்பவருக்கு அது செய்தி. எந்த விவரங்களிலிருந்து அந்த முடிவுக்கு வந்தீர்களோ அவற்றை அங்கேயே எழுதி, முடிவு உங்களுடையது என்று தெரியும்படி செய்யுங்கள், அல்லது வெட்டுங்கள்.

இங்கே நான் கண்ட பொறிகள் சில.

மோசடி, திருட்டு, ஊழல் மாதிரியான சொற்களை நாம் வசவாகப் பயன்படுத்துவோம். நீதிமன்றத்தில் அவை குற்றத்தின் பெயர்கள். முன்னால் ‘என் பார்வையில்’ என்று போட்டால் மட்டும் அவை கருத்தாகிவிடாது. ‘என்று சொல்லப்படுகிறது’ என்பதும் குடை ஆகாது. பிறர் பரப்பிய அவதூறைத் திரும்பச் சொன்னாலும் பொறுப்பு உங்களுக்கு உண்டு.

கட்டுரை எழுதியபோது ஒருவர் மேல் வழக்கு இருந்திருக்கும். இடையில் அவர் விடுதலையாகியிருப்பார். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற சொல் அன்றைக்குச் சரி, இன்றைக்கு அதை மட்டும் அச்சிட்டால் அநியாயம், ஆபத்தும்கூட. பெயர் சொன்ன ஒவ்வொருவருடைய இன்றைய நிலையையும் பார்த்து எழுதுங்கள்.

நினைவிலிருந்து மேற்கோள் போடவே கூடாது. ஒரு மேடைப் பேச்சிலிருந்து நான் எடுத்துக்காட்டியிருந்த வரியைச் சரிபார்க்க ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டேன். அவர் ‘இருக்கலாம்’ என்று சொல்லியிருந்தார். நான் ‘இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். மூன்று பக்க வாதம் அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது. அந்தக் கட்டுரை இப்போது நூலில் இல்லை.

இணையச் சுட்டிகளை நம்ப வேண்டாம். நான் அன்று குறித்து வைத்தவற்றில் பல இன்று திறக்கவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது திறக்கும் பக்கங்களை அங்கே நீங்களே சேமிக்கலாம். ஆனால் தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் அங்கிருந்தும் எடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே தேதி தெரியும்படி பிடிஎஃப் ஒன்றும் உங்கள் கையில் இருக்கட்டும்.

7. அடுத்தவர் எழுத்து, கடிதம், படம்

சர்ச்சை நூலில் அடுத்தவர் எழுத்து நிறைய வரும், வேறு வழியில்லை. பெர்ன் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, ஏற்கெனவே முறைப்படி வெளியான படைப்பிலிருந்து, நோக்கத்துக்குத் தேவையான அளவு, மூலத்தையும் எழுதியவர் பெயரையும் சொல்லி மேற்கோள் காட்ட இடம் தருகிறது. இத்தனை சொல் வரை பயமில்லை என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். பொதுவான எண் ஏதும் கிடையாது. மறுக்கப் போகும் வரியை மேற்கோள் காட்டுங்கள், அழகுக்காக ஒன்றும் வேண்டாம். கவிதையிலும் பாட்டிலும் கூடுதல் கவனம்: நான்கு வரி என்பது சிலசமயம் முழுப் படைப்பு.

உங்களுக்கு ஒருவர் எழுதிய கடிதத்தின் தாள் உங்களுடையது, வாசகம் அவருடையது. மின்னஞ்சலும் அப்படியே. அது வெளியாகாத எழுத்து என்பதால் மேற்சொன்ன மேற்கோள் சலுகையும் சந்தேகம். அனுமதி கேளுங்கள், மறுத்தால் உங்கள் சொல்லில் சாரத்தைத் தாருங்கள். அதிலும் அந்தரங்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. புகைப்படத்தில் இருப்பவர் சம்மதித்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். பதிப்புரிமை படத்தை எடுத்தவருக்கு. கடைசியில் படமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன், செலவும் குறைந்தது.

உங்களுக்கு வந்த மறுப்புக் கட்டுரைகளையும் பின்னிணைப்பாகச் சேர்க்கலாமா? சேர்த்தால் நூலுக்கு மதிப்பு கூடும் என்பது என் எண்ணம். எழுதியவரிடம் கேளுங்கள், முழுதாகப் போடுங்கள், ஒரு சொல்லையும் தொடாதீர்கள். நான் ஐந்து பேரிடம் கேட்டேன். இருவர் சம்மதித்தார்கள். ஒருவர் ‘என் கட்டுரைக்குப் பின்னால் நீ பதில் போடக் கூடாது’ என்று நிபந்தனை வைத்தார். நியாயம்தான், ஒப்புக்கொண்டேன்.

8. வக்கீல் வாசிப்பு

எல்லாக் கட்டுரைகளையும் கொடுக்காதீர்கள், செலவு தாங்காது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுபவை, வழக்கில் இருப்பவை, மதம், சாதி, இனம் பற்றிக் கடுமையாகப் பேசுபவை ஆகியவற்றை மட்டும் பிரித்து, ஆதாரக் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். அவருக்கு நேரத்துக்குத்தான் பணம். கோப்பு எண் போட்டு ஒழுங்காக இருந்தால் நேரம் பாதியாகும். ஊடக வழக்குகளில் பழக்கம் உள்ளவராகப் பாருங்கள், சொத்து வழக்குப் பார்ப்பவர் பயந்துபோய் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார். கருத்தை எழுத்தில் வாங்குங்கள். மூன்று வாரமாவது விடுங்கள்.

எந்த நாட்டில் வெளியாகிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். இங்கிலாந்தில் சொன்னது சாராம்சத்தில் உண்மை என்று நிரூபித்தால் அவதூறு வழக்கு நிற்காது. இந்தியாவில் அவதூறு குற்றவியல் சட்டத்திலும் இருக்கிறது. அந்தக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைக்கு இடம் உண்டு. அங்கே உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதினால் பயமில்லை என்பதும் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அதே பிரிவு பாயும். இலங்கை குற்றவியல் அவதூறை 2002இல் நீக்கிவிட்டது, உரிமையியல் வழக்கு அங்கேயும் உண்டு. மின்னூல் எல்லா நாட்டுக்கும் போகும் என்பதை மறக்காதீர்கள்.

9. ஒப்பந்தம்

பதிப்பாளர்கள் நீட்டும் பொது ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும்: இந்நூலில் யாரையும் அவதூறு செய்யவில்லை என்று ஆசிரியர் உறுதி கூறுகிறார், வழக்கு வந்தால் நஷ்டஈடும் செலவும் ஆசிரியர் பொறுப்பு. சர்ச்சை நூலில் இதை அப்படியே ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் வீட்டை எழுதிக் கொடுத்த மாதிரி. நான் மாற்றச் சொல்லி வாங்கியவை: ‘ஆசிரியர் அறிந்த வரை’ என்ற சொற்றொடர், என் பொறுப்புக்கு ஒரு மேல்வரம்பு, வக்கீல் பார்த்து ஒப்புக்கொண்ட பகுதிக்குப் பொறுப்பு இருவருக்கும், என்னைக் கேட்காமல் சமரசமோ நூலைத் திரும்பப் பெறுவதோ கூடாது. முதல் பதிப்பாளர் மறுத்துவிட்டார். இரண்டாமவர் ஒரு மாதம் யோசித்துச் சரி என்றார்.

காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியச் சட்டத்தில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். வேறு நாட்டில் இது வேறாக இருக்கும். அட்டை வாசகத்துக்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். உள்ளே பார்த்துப் பார்த்து எழுதியதைப் பின்னட்டையில் ஒரே வரியில் கவிழ்த்து விடுவார்கள்.

10. மெய்ப்பு, அடைவு, அச்சு

வக்கீல் சொன்ன மாற்றங்கள் எல்லாம் முடிந்த பிறகே பக்க அமைப்புக்குக் கொடுங்கள். இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு வெட்டுக்கும் பக்க எண் நகரும், அடைவு முழுக்கத் தப்பாகும், மறுபடி பணம். பெயரடைவு வேண்டாம் என்று பதிப்பாளர் சொல்லுவார், விடாதீர்கள். இப்படிப்பட்ட நூலைக் கையில் எடுப்பவர் முதலில் தன் பெயரைத்தான் தேடுவார்.

ஆஃப்செட் அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் தொகுப்பு. என் நூல் 243 பக்கத்தில் நின்றது, ஆகவே 256க்குக் காகிதம். முன்னுரையில் மூன்று பக்கம் குறைத்து 240க்குள் கொண்டுவந்தேன். நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் விலைக்கு. தாள் அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். மாற்றமில்லாமல் மறுஅச்சுப் போட்டால் பழைய எண்ணே போதும். ஒரு கட்டுரையைப் பின்னால் எடுத்துவிட்டு வெளியிட்டால் அது புதிய பதிப்பு, எண்ணும் புதிது.

11. பணமும் மாதமும்

என் செலவில் பெரியது வக்கீல். அடுத்தது தட்டச்சும் எழுத்துரு மாற்றச் சரிபார்ப்பும், அதற்கடுத்து அடைவு. அனுமதிக் கட்டணம் இரண்டு இடத்தில்தான் கேட்டார்கள். அச்சுச் செலவு பதிப்பாளருடையது. அச்சுக்கும் நீங்களே பணம் போடுவதாக இருந்தால், வக்கீலுக்கும் அடைவுக்கும் உள்ள தொகையை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை பிரதி என்று முடிவு செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இப்போது மறுபடி செய்வதாக இருந்தால் என் கணக்கு இப்படி இருக்கும்: முதல் மாதம் அட்டவணை, அதே மாதம் எல்லா அனுமதிக் கடிதங்களையும் அனுப்பிவிடுவது. பதில் வரும் இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது மாதம் ஆதாரக் கோப்பும் தேர்வும். நான்காவதில் பகுதிக் குறிப்புகளும் பின்குறிப்புகளும். ஐந்தாவதில் வக்கீல், ஒப்பந்தப் பேச்சு. ஆறும் ஏழும் பக்க அமைப்பு, மெய்ப்பு, அடைவு. எட்டில் அச்சு. புத்தகக் கண்காட்சிக்குள் வர வேண்டும் என்று பதிப்பாளர் அவசரப்படுத்தினால் மெய்ப்பில் வேண்டுமானால் நாளைக் குறையுங்கள், வக்கீல் வாசிப்பில் குறைக்காதீர்கள்.

12. நோட்டீஸ் வந்தால்

எனக்கு ஒன்று வந்தது, நூல் வெளியாகி ஐந்தாவது வாரம். கோபத்தில் உடனே பதில் எழுதாதீர்கள், பொதுவெளியில் அதைப் பற்றிப் பேசாதீர்கள். வந்த தேதியையும் உறையையும் பத்திரப்படுத்தி, அன்றே பதிப்பாளருக்கும் வக்கீலுக்கும் பிரதி அனுப்புங்கள். பதிலுக்கு எத்தனை நாள் கெடு என்று பாருங்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு வந்ததில் நான்கு வரி. நான்குக்கும் கோப்பில் எண் இருந்தது. வக்கீல் மூன்றுக்கு ஆவணங்களைக் காட்டிப் பதில் எழுதினார். நான்காவதில் ஒரு தேதி நிஜமாகவே தவறு. கையிருப்புப் பிரதிகளில் பிழைத்திருத்தத் துண்டு ஒட்டி, அதைக் கடிதத்தோடு அனுப்பினோம். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது, மறுபதிப்பு வரும்போது அந்தத் தேதியைத் திருத்தி அடிக்குறிப்பு போட வேண்டும்.